பிள்ளையார் அச்சில் குடிவந்த எறும்புகள்

எறும்புக்கு ஆறு கால்கள் என்பதை எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவள் நான்தான். எனக்கு முன்னால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எறும்பைக் கண்டால் அம்மா துடைப்பத்தை எடுப்பாள். அப்பா சட்டையை உதறுவார். இரண்டுக்கும் கால்களை எண்ண வேண்டிய தேவை இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் அந்த உயரத்துக்கு அதுவரை யாரும் ஏறியதில்லை. அங்கிருந்து பார்த்தால் எறும்பின் கால்கள் தெரிந்தன.

இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. படித்ததை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்வதற்கு ஒரு தலைமுறையாவது பழக்கம் வேண்டும் போலிருக்கிறது.

அந்த வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் வகுப்புப் பெண்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஏதாவது ஓர் உயிரை வளர்த்துக் காட்ட வேண்டும். மேல்வகுப்புகளுக்கு வேறு வேறு தலைப்புகள். எல்லாவற்றிலும் நன்றாக இருப்பது கடலூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அங்கே போகிற பெண்களை மாலையில் கடற்கரைக்கும் கூட்டிப்போவதாக சயின்ஸ் டீச்சர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

எனக்கும் கடலுக்கும் இடையே ஒரு வழக்கு இருந்தது. எட்டாம் வகுப்பில் ‘கடற்கரையில் ஒரு மாலை’ என்று நான் எழுதிய கட்டுரைக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். என்னையே எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். நீலக் கடல், வெள்ளி அலை, முத்துப் போன்ற மணல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வாசித்துவிட்டு உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த என் சிநேகிதி காதோடு கேட்டாள்.

“நீ எந்தக் கடலைடி பார்த்தே?”

“மணிமுத்தா ஆத்துல வெள்ளம் வந்தப்ப பார்த்தேன். அதையே பெருசாக்கிக்கிட்டேன்.”

அவள் வீட்டில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணிக்குப் போய்வந்திருந்தார்கள். கடலில் கால் நனைத்தவள். அன்றிலிருந்து நான் எதையாவது பெரிதாகப் பேசினால், “மணல் முத்து மாதிரி இருக்காதுடி. ஒட்டும்” என்று ஒரே வரியில் என்னை உட்காரவைத்துவிடுவாள். அந்த வாயை அடைப்பதற்காகவாவது நான் கடலூர் போயாக வேண்டும்.

லவ் பேர்ட்ஸ், வெள்ளை முயல், கலர் மீன் எல்லாவற்றையும் வாங்கித் தரக்கூடிய வீட்டுப் பெண்கள் முதலிலேயே கையைத் தூக்கிவிட்டார்கள். எனக்கும் சிநேகிதிக்கும் முறை வந்தபோது நான் எழுந்து, “எறும்பு, டீச்சர்” என்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

“என்ன எறும்பு?”

“இன்னும் முடிவு பண்ணல டீச்சர்.”

“முடிவு பண்ணிட்டு வா. உசிரோட இருக்கணும். ஓடிப் போகக் கூடாது. பார்க்க வர்றவங்களக் கடிக்கக் கூடாது. மூணும் இருந்தா மேஜை தரேன்.”

நாய் வளர்க்கிறவர்கள் எந்த ஊர் நாய், காது எப்படி, வால் எப்படி என்று பார்ப்பார்களே, அப்படி நாங்கள் இருவரும் எறும்பு பார்க்கக் கிளம்பினோம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒரே பீங்கான் கொட்டகையில் வேலை பார்த்தார்கள். அப்பா பொம்மை வார்ப்பவர். வெள்ளைப் பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அவற்றைச் சேர்த்துக் கட்டி உள்ளே களிமண் கூழை ஊற்றுவார். கூழில் இருக்கும் தண்ணீரை அச்சு குடித்துக்கொள்ளும். ஓரத்தில் தோல் போலக் களிமண் படிந்துவிடும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிரித்தால் பொம்மை. சுட்டு வந்த பிறகு கண், புருவம், பொட்டு எல்லாம் அம்மாவின் பொறுப்பு. வேலை மிஞ்சினால் வீட்டுக்கும் எடுத்துவருவாள்.

“ஊரே எறும்பு ஏறாம இருக்கக் கிண்ணம் செஞ்சு லாரி லாரியா அனுப்பிக்கிட்டு இருக்குது” என்றாள் அம்மா, பொம்மையிடமிருந்து கண்ணை எடுக்காமல். “எம் பொண்ணு அதப் புடிச்சாந்து வளக்கப் போவுதாம்.”

அவள் சொன்னது அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் கிண்ணத்தை. நடுவில் கால் நிற்க மேடு, சுற்றிலும் தண்ணீர் நிற்க வாய்க்கால். எங்கள் ஊரில் அது செய்யாத கொட்டகை குறைவு.

“அதுக்கு ஆறு காலும்மா” என்றேன்.

“இருக்கட்டும். ஆறு காலும் என் சக்கரை டப்பாவுல வெக்காம பார்த்துக்க.”

முதலில் கட்டெறும்பை எடுத்தோம். பளபளவென்று கறுப்பு, நல்ல உடம்பு, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் புளியமரத்தடியில் நான் பாதி பிடித்தேன். ரயில்பாதை ஓரம் இருந்த தன் வீட்டுச் சுவரில் சிநேகிதி பாதி பிடித்தாள். இரண்டையும் ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, கூடவே கொஞ்சம் வெல்லமும் போட்டோம். எல்லாம் ஒரே சாடையில் இருந்ததால் எல்லாம் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டோம். மறுநாள் காலையில் சீசாவுக்குள் ஒரு யுத்தகளம். தலை தனி, உடம்பு தனி. வெல்லத்தை யாரும் தொட்டிருக்கவில்லை.

அப்பா சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பேச்சுவார்த்த இல்லாத ரெண்டு பங்காளி வூட்ட ஒரே பந்தியில ஒக்கார வெச்சிருக்கீங்க” என்றார்.

சிநேகிதியின் விரல் வேறு வீங்கியிருந்தது. அவள் அதை வகுப்பு முழுவதும் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிவைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம், “எறும்பு வளக்குறோம்” என்று சொன்னாள்.

இரண்டாவதாகச் சிவப்புச் சிற்றெறும்பு. உண்மையில் அதை நாங்கள் தேடிப் போகவில்லை. கட்டெறும்பு சாவுக்கு அவர்களாகவே வந்துவிட்டார்கள். மூடிக்கும் சீசாவுக்கும் இடையில் காற்று போகிற சந்தில் வரிசையாக நுழைந்து, பிணங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு சுறுசுறுப்பானவர்களை வேறு எங்கே தேடுவது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர்கள் போகும் பாதை ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டை வழியாக இருந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“சிவப்பு மட்டும் வேணாம் பாப்பா. கையில கூழ் ஊத்தின அச்சு. கீழ போடவும் முடியல, சொறியவும் முடியல. மேஸ்திரி என்னா நெனச்சாருன்னு தெரியல, எனக்கு சாமி வந்துட்டுதுன்னு நெனச்சி ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிட்டாரு.”

மூன்றாவது யோசனை சிநேகிதியுடையது. அவர்கள் மாதா கோயில் வளாகத்து மாமரத்தில் முசுறு இருந்தது. இலைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டித் தைத்துப் பந்து போலக் கூடு கட்டும் எறும்பு. “தையல் டீச்சர் பார்த்தா கையெடுத்துக் கும்புடுவாங்க” என்றாள். ஒரு தலையணை உறையோடு போனோம். தாழ்ந்த கிளையில் இருந்த கூட்டை உறைக்குள் நுழைத்து, காம்பை ஒடித்து, வாயைச் சுருட்டிப் பிடித்தாள். ஐந்தாறு அடி நடந்திருப்போம். தலையணை உறைத் துணி மனிதர்களின் தலைக்காக நெய்யப்பட்டது. முசுறு அதன் வழியாகவே கடிக்கும் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. உறையை எறிந்துவிட்டு இருவரும் கழுத்தையும் முதுகையும் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினோம். வாசலில் நின்ற உபதேசியார் அவளைப் பார்த்து, “ஞாயித்துக்கெழம பூசைக்கு இந்த வேகத்துல ஒருநாளும் வந்ததில்லியே நீ” என்றார்.

அன்று எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒருவர் முதுகில் ஒருவர் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். உயிரோடு இருந்தது ஓடிப்போனது; ஓடிப்போகாதது கடித்தது. கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. கடல் ஒவ்வொரு எறும்பாக என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கல்லின் மேலேயே, எங்கள் கால்களைச் சுற்றி, குட்டிக் கறுப்பு எறும்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளையார் எறும்பு. காலில் ஏறும், குறுகுறுக்கும், இறங்கிப் போய்விடும். கடிக்கவே கடிக்காது. இத்தனை நாளும் எங்களைச் சுற்றித்தான் இருந்தது. கடிக்காததால் நாங்கள் கவனிக்கவில்லை.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “கூடாது.”

“ஏம்மா?”

“பிள்ளையாரு எறும்ப அடைச்சி வெக்கிறதா? வூட்டுக்கு ஆவாது. சிவப்பக் கொளுத்து, கட்டெறும்ப மிதி, நான் கேக்கல. இத அடைக்காத.”

சிநேகிதி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “அப்ப நான் அடைக்கிறங்க அத்த. நாங்க வேதக்காரங்க. பிள்ளையாரு என்னக் கோச்சுக்க மாட்டாரு.”

“அவரு உன்னயும் சேர்த்துத்தான்டி பார்த்துக்கிறாரு” என்றாள் அம்மா. “உங்க சாமிகிட்டச் சொல்லிப்புடுவாரு.”

வெகுநேரம் பேசியதில் ஒரு சட்டம் உருவானது. மூடி போடக் கூடாது. வாசல் திறந்திருக்க வேண்டும். அதுகளாக வர வேண்டும். பிடித்துப் போடக் கூடாது. வாசல் திறந்த ஜெயிலில் யார் வந்து உட்காருவார்கள் என்று நான் கேட்டேன். அது உன் படிப்புக்கு விட்டது என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு பழைய அச்சைக் கட்டிக்கொண்டுவந்தார். பல தடவை வார்த்து வார்த்து உள்வரிகள் மழுங்கிப்போய், கொட்டகைக்குப் பின்னால் குவிந்துகிடக்கும் அச்சுகளில் ஒன்று. அதிலும் ஒரு பாதி மட்டும். நான் மடியில் வைத்து மண்ணைத் துடைத்தேன். உட்கார்ந்த பிள்ளையாரின் முன்பாதி. பள்ளமாக ஒரு தொந்தி, பள்ளமாக ஒரு தும்பிக்கை, இரண்டு காதுகள்.

“இதுல ஆயிரம் பிள்ளையாரு பொறந்திருக்குது” என்றார் அப்பா. “இப்ப ரிட்டேரு.”

அம்மா அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அச்சை நனைத்து, சூளையில் வளைந்துபோன ஒரு பெரிய பீங்கான் தட்டின் நடுவில் மல்லாக்க வைத்தோம். மேலே பழைய படச் சட்டத்தின் கண்ணாடித் துண்டு. விளிம்பில் கொஞ்சம் சந்து, அதுதான் வாசல். உள்ளே இருட்டாக இருக்கக் கண்ணாடிமேல் பழுப்புக் காகிதம். துவைக்கிற கல்லின் அடியில் இருந்த மண்ணை முட்டைகளோடு கரண்டியால் அள்ளித் தட்டிலேயே ஒரு பக்கம் கொட்டினோம். வெயில் ஏற ஏற மண் காய்ந்தது. அச்சுக்குள் ஈரமும் நிழலும். முதலில் ஓர் எறும்பு வாசலில் தலையை நீட்டி வீடு பார்த்தது. உள்ளே போனது, வந்தது, கூட்டத்தோடு ஏதோ பேசியது. மத்தியானத்துக்குள் மொத்தக் குடும்பமும் அரிசிக்குருணை போன்ற வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு பிள்ளையாரின் தொந்திக்குள் குடியேறிவிட்டது. யாரும் யாரையும் பிடித்துப் போடவில்லை.

அப்பா மண்ணை வழித்தெடுத்துவிட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றினார். அச்சு தீவு மாதிரி நின்றது.

“வாசல் தொறந்திருக்கணும்னு சொன்னேன்” என்றாள் அம்மா.

“தொறந்துதான இருக்குது? தெருவுல தண்ணி, அவ்ளோதான். மழ பேஞ்சா நாம வெளிய போறமா?” என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். “இதத் தாண்டி ஒண்ணும் வராது பாப்பா. நம்ம ஊருக் கிண்ணத்துத் தத்துவம்.”

அதன் பிறகு எங்கள் வீட்டில் அமைதி. காகிதத்தைத் தூக்கினால் தும்பிக்கைப் பள்ளத்தில் முட்டை, காதுகளில் காவல். சீனித் துணுக்கை வாசலில் வைத்தால் உள்ளே போய்விடும். தண்ணீர் ஒரு நாளும் குறையவில்லை. இந்த ஏற்பாட்டின் விஞ்ஞானத்தைப் பற்றித் தெருவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். பால்காரர் எங்கள் வீட்டில் பாலை ஊற்றிவிட்டு வேகமாகப் போகத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் பள்ளி ஹாலில் வைத்துவிட வேண்டும். எங்கள் மேஜையை ஒட்டிப் பத்தாம் வகுப்பு அக்காக்களின் மேஜை. தமிழ்நாட்டு வரைபடத்தைத் தானியங்களால் செய்திருந்தார்கள். தஞ்சாவூரில் நெல், கோயம்புத்தூரில் பஞ்சு, எங்கள் பக்கத்துப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்காகக் கும்பாச்சியாகச் சர்க்கரை. இரண்டு மேஜைக்கும் சேர்த்து ஒரே வெள்ளைத் துணி விரித்திருந்தது. தட்டில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தோம்.

காலையில் ஹாலைத் திறந்ததும் முதலில் கேட்டது ஒரு பத்தாம் வகுப்பு அக்காவின் குரல். “ஏ, இங்க வாங்கடி. உங்க எறும்பு எங்க பெண்ணாடத்தையே தின்னுடுச்சு.”

தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலிலிருந்து புறப்பட்ட கறுப்புக் கோடு தட்டைத் தாண்டி, வெள்ளைத் துணியைத் தாண்டி, நேராகத் தென்னாற்காடு மாவட்டத்துக்குள் போயிருந்தது. சர்க்கரைக் கும்பாச்சி பாதியாகியிருந்தது. சிநேகிதி சிலுவை போட்டுக்கொண்டாள். டீச்சர், பார்வையிட வந்த கல்வி அதிகாரியோடு வாசலில் நுழைந்துகொண்டிருந்தார்.

‘ஓடிப் போகக் கூடாது.’ அது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. கடல் போயிற்று. அலை, மணல், எல்லாம் போயிற்று. இனி காலத்துக்கும் ‘ஒட்டும்’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டீச்சர் மேஜையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நான் என்ன சொன்னேன்? ஓடிப் போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

அப்போதுதான் கோட்டைக் குனிந்து பார்த்தேன். அது ஒரு கோடு இல்லை, இரண்டு. ஒன்று போனது. ஒன்று வந்துகொண்டிருந்தது, ஆளுக்கொரு சர்க்கரைப் பருக்கையோடு.

“ஓடிப் போகல டீச்சர்” என்றேன். “கடைக்குப் போயிருக்குது. சாமான் வாங்கிக்கிட்டு வூட்டுக்குத் திரும்புது, பாருங்க.”

பதற்றத்தில் வீடு வூடாகிவிட்டது. அதிகாரி சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கோட்டின்கூடவே குனிந்து நடந்து அச்சுக்கு வந்தார். நான் பழுப்புக் காகிதத்தைத் தூக்கினேன். பிள்ளையாரின் தொந்திக்குள் சர்க்கரை மினுங்கியது. அதைச் சுற்றி முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்.

“எங்க விளையுது, எங்க போய்ச் சேருதுன்னு காட்டியிருக்கீங்க. நல்லா இருக்கு. ரெண்டு வகுப்பும் சேர்ந்து செஞ்சதா?”

நான் வாயைத் திறப்பதற்குள், “ஆமா சார்” என்றாள் பெண்ணாடத்தைப் பறிகொடுத்த அந்த அக்கா. அவளுக்கும் கடல் பார்க்க ஆசை இருந்திருக்கிறது.

இப்படியாக வரைபடமும் எறும்பும் ஒன்றாகக் கடலூருக்குத் தேர்வாகின.

வீட்டில் நான் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். தட்டு காய்ந்துபோன இடம் வந்ததும் அப்பாவின் முகம் ஒரு மாதிரியானது. மெல்லத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அச்சு குடிச்சிருக்கும்.”

அம்மா தூரிகையைக் கீழே வைத்தாள். “என்னாது?”

“பிளாஸ்டரு. தண்ணியில வெச்சா குடிக்கத்தான செய்யும்.”

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “தெனம் விடிஞ்சா அச்சுக்கு ஊத்துறதுதான் உங்க பொழப்பு. அது தண்ணி குடிக்கும்னு உங்களுக்கே மறந்துபோச்சா? அப்பனும் பொண்ணும் தத்துவம் பேசினீங்களே. அந்தப் பக்கம் போவ வர எத்தினி சொம்பு ஊத்தினேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

“நீ எதுக்கு ஊத்தினே?” என்று கேட்டேன்.

“பிள்ளையாருக்குத் தாகம்னு நெனச்சேன்.”

ஆக, தண்ணீர் குறையாத விஞ்ஞானம் அவ்வளவுதான். நான் உடனே அதை ஒழுங்குபடுத்தினேன். பெண்களோடு துணைக்கு ஒரு வீட்டுப் பெரியவர் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்ற ஓர் அனுபவசாலி தேவை என்று அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். அம்மா முடியாது என்று சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்தாள். பஸ்ஸில் அச்சு என் மடியில். தட்டு சிநேகிதியின் மடியில். சொம்பு அம்மாவின் மடியில்.

கடலூரில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஏதோ ஒரு பையன்கள் பள்ளி செய்திருந்த மின்சார மணி பயங்கரமாக அடித்தது; அதற்குக் கொடுத்துவிட்டார்கள். எறும்புகள் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. அம்மாவும் பொருட்படுத்தவில்லை. வந்து பார்த்தவர்களுக்கெல்லாம், “கிட்ட வாங்க, கடிக்காது, பிள்ளையாரு எறும்பு” என்று சொல்லிக்கொண்டே தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் விளக்குவதற்கு மிச்சம் வைக்கவே இல்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அதற்கு முன் இரண்டு நாள் மழை. கடல் நீலமாக இல்லை. அப்பா கலக்கிவைக்கும் களிமண் கூழின் நிறத்தில், ஊரளவு பாத்திரத்தில் யாரோ கலக்கிக்கொண்டே இருப்பது போல இருந்தது. என் கட்டுரையில் சத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அலை திரும்பும்போது காலுக்கு அடியிலிருந்து மண் நழுவிப் போகும் என்றும் இல்லை. குனிந்து ஒரு கை மணலை அள்ளினேன்.

“ஒட்டுதா?” என்று கேட்டாள் சிநேகிதி.

“ஒட்டுது” என்றேன். “உன் வேளாங்கண்ணி மணலவிடக் கம்மியாத்தான் ஒட்டுது.”

அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி முன்னால் போய் நின்றாள். இன்னொரு கையில் சொம்பு. அலை வந்து, போய், மறுபடி வந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஊருக்குப் போயி உங்கப்பன்கிட்டச் சொல்லு. கொட்டாயில இருக்கிற அச்சு அத்தனையும் கொண்டாந்து இங்க வெக்கட்டும். எப்பிடிக் குடிக்குதுன்னு பாப்போம்.”